கதிரளவைத் திட்டமிடும் மென்பொருள்: எதைக் கொடுப்பது, எதை நம்புவது

யாழ்ப்பாணத்தில் கதிர்வீச்சு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது என்பதால் குடாநாட்டில் அதை அறியாதவர் குறைவு. கதிர்ச்சிகிச்சை எந்த ஊரில் நடந்தாலும் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. மென்பொருள் போட்ட திட்டத்தை மருத்துவப் பௌதிகவியலாளர் தனியாகச் சரிபார்த்த பிறகே நோயாளி மேசையில் படுக்க வேண்டும். விதைக்கும் வெங்காயத்துக்கும் கதிரடிக்கும் ஆய்வுகூட வேலையில் அப்படியொரு ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. திட்டம் போடுபவர், சரிபார்ப்பவர், விதையைப் பொதி கட்டி அனுப்புபவர் மூவரும் ஒரே பட்டப்பின் மாணவராக இருப்பதுதான் வழக்கம். ஆகவே இங்கே மென்பொருளைத் தெரிவு செய்வதைவிட, அதற்குள் போடும் எண்கள் எங்கிருந்து வந்தவை என்று கேட்பது முக்கியம். அளந்து பெற்ற நான்கைந்து எண்களை வைத்து எழுதிய ஒரு எக்செல் தாள், ஊகித்த எண்களை வைத்து ஓட்டிய மிகப் பெரிய கணிப்பு மென்பொருளைவிட நம்பத்தக்கது என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தேவையைப் பார்ப்போம். குடாநாட்டின் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயம் பெரும்பாலும் குமிழ் நட்டுப் பயிராக்கப்படுவது. பூத்து மகரந்தம் கலந்து வேறுபாடு உண்டாகும் வாய்ப்பு குறைவான பயிரில், காமாக் கதிரால் விகாரத்தை உண்டாக்கிப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் எழும். இன்னொருவர் அதே வெங்காயத்தைக் களஞ்சியத்தில் முளைக்காமல் வைத்திருக்க விரும்புவார். மகாராட்டிரத்தின் லாசல்காவில் 2002இல் தொடங்கிய கதிரூட்டு நிலையம் இந்தப் பிந்திய நோக்கத்துக்காகவே கட்டப்பட்டது. மூன்றாமவர் பயறு, எள், நெல் விதைகளில் வேலை செய்வார். மூன்று பேரும் சொல்வது ‘கதிரடிக்க வேண்டும்’ என்ற ஒரே வாக்கியம்தான். அளவுகளோ வெகுதூரம் விலகி நிற்கின்றன. உலர்ந்த நெல் விதைக்கு நூறிலிருந்து சில நூறு கிரே வேண்டும். முளைப்பை அடக்க 50 முதல் 150 கிரே போதும், அதையும் அறுவடைக்குப் பின் குமிழ் உறங்கும் காலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். விகாரத்துக்காகக் குமிழுக்குக் கொடுப்பதோ சில கிரே மட்டுமே. நீர் நிறைந்த உயிருள்ள இழையம் உலர்விதையைவிடப் பல மடங்கு கூருணர்வு உடையது.

எந்த நிலையத்துக்கு மாதிரியை அனுப்புவது என்பதை இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. பியகமவிலுள்ள இலங்கை காமா நிலையம் போன்ற தொழில்முறை நிலையங்கள் கிலோகிரேக் கணக்கில் வேலை செய்யக் கட்டப்பட்டவை. மருத்துவ உபகரணத்தைக் கிருமியழிக்க வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 25 கிலோகிரே. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து கிரே கேட்பது பாரம் தூக்கும் லொறித் தராசில் பவுண் நிறுப்பதைப் போன்றது. விதை ஆய்வுக்குப் பொருந்துவது ஈயக் கவசத்துக்குள் இழுப்பறைபோல இறங்கும் சிறு காமா அறை. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கும் கல்பாக்கத்துக்கும் பல்கலைக்கழகங்கள் விதை அனுப்பிக் கதிரூட்டிப் பெறுவது நீண்டநாள் வழக்கம். குடாநாட்டு ஆய்வாளரும் மாதிரியை வெளியே அனுப்பிப் பெறுபவர்தான். திட்டம் போடும் இடமும் கதிர் விழும் இடமும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விலகியிருப்பதால், கதிர் விழுந்ததற்கான சாட்சியைப் பொதிக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எக்செல் தாள் செய்யவேண்டிய கணக்கு எளிது. கோபாற்று-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 1925 நாள். மாதத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு சதவீதம் வீதத்தில் மூலம் நலிகிறது. 2022 சனவரி முதலாந் திகதிச் சான்றிதழில் அறையின் நடுவே கதிரளவு வீதம் மணித்தியாலத்துக்கு 1.50 கிலோகிரே என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். 2025 யூலை முதலாந் திகதி உங்கள் பொதி அங்கே போகிறது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டில் அந்த வீதம் 63 சதவீதமாகச் சுருங்கி 0.947 கிலோகிரே ஆகியிருக்கும், நிமிடத்துக்கு 15.8 கிரே. 200 கிரே வேண்டுமானால் 12 நிமிடம் 41 செக்கன். பழைய எண்ணையே நம்பி எட்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் விதைக்குக் கிடைப்பது 126 கிரே. இந்தப் பெரிய பிழையை யாரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தப்புவது சிறியது. 01/07 என்று தட்டியதை யூலை முதலாந் திகதி என்று நீங்கள் நினைக்க, அமெரிக்க வழக்கில் அமைந்த கணினி சனவரி ஏழு என்று எடுத்துக்கொள்கிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. கணக்கு ஆறு சதவீதம் பிசகும். திகதிக் கலத்தில் மாதத்தை எழுத்தில் காட்டும்படி அமைப்பதும், அரைவாழ்வை ஆண்டில் வைக்காமல் நாளில் வைப்பதும் இதற்கான காப்பு.

இவ்வளவுதான் வேலை என்றால் மென்பொருள் என்று ஓர் அத்தியாயம் எதற்கு என்ற கேள்வி வரும். ஜியன்ட்-4, ஈ.ஜி.எஸ். போன்ற மொன்டே கார்லோ மென்பொருள்கள் ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு போட்டனையும் பின்தொடர்ந்து, பொதியின் எந்த மூலைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று சொல்லும் கருவி இருக்கையில் எக்செல் எதற்கு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் மொன்டே கார்லோவுக்கும் தீனி வேண்டும். மூலக் கோல்கள் எத்தனை, எந்த வட்டத்தில் நிற்கின்றன, ஒவ்வொன்றின் உறை எவ்வளவு தடிப்பு, இன்றைய தேதியில் ஒவ்வொன்றிலும் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதெல்லாம் உற்பத்தியாளரின் வரைபடத்தில் இருக்கும். அந்த வரைபடம் உங்கள் மேசைக்கு வருவது அரிது. இல்லாதபோது ஏறத்தாழ ஓர் உருளை என்று வரைந்து ஓட்டுவார்கள். வெளிவரும் நிறப்படம் அழகாக இருக்கும், ஐந்து தசம தானத்தில் எண் வரும். அந்த எண்ணை உண்மையான கிரேயாக மாற்ற ஏதோ ஓரிடத்தில் அளந்த வீதம் ஒன்று தேவைப்படும். அதாவது அளவீட்டிலிருந்து தப்ப முடியாது. அதை முதலிலேயே செய்துவிட்டால் உலர்விதை வேலைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

மொன்டே கார்லோ தேவைப்படும் இடங்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. எக்ஸ்-கதிர்க் கருவியில் சக்தி குறைந்த போட்டன்கள் கண்ணாடிக் குழாயிலும் அலுமினியத் தட்டிலும் வேறு வேறு விதமாக உறிஞ்சப்படுகின்றன. சுண்டெலியின் எலும்புக்கும் தசைக்கும் கிடைப்பது ஒன்றாக இராது. சிறு விலங்கு ஆய்வுக்கென்று படமெடுக்கும் கருவியோடு சேர்த்தே திட்டமிடல் மென்பொருளும் விற்கப்படுவது இதனால்தான். கோபாற்றுக் காமாவிலும் பொதி பெருத்தால் சிக்கல் வரும். 1.25 மெகா இலத்திரன்வோல்ட்டு சராசரிச் சக்தியில் நீரின் நலிவுக் குணகம் சென்ரிமீற்றருக்கு 0.063 அளவில் இருக்கிறது. பத்துச் சென்ரிமீற்றர் நீரைச் சிதறாமல் கடந்து வருவது பாதிக்குச் சற்று மேல். சிதறல் கதிர் அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடு செய்யும், முழுவதையும் அல்ல. ஆகவே ஐந்து லீற்றர் அறையை வெங்காயத்தால் நிரப்பிவிட்டு வெற்றறையில் அளந்த வீதத்தைப் பயன்படுத்தக் கூடாது. நடுக் குமிழுக்கும் சுவரோரக் குமிழுக்கும் உள்ள விகிதத்தைக் கணிக்க மொன்டே கார்லோ நல்ல துணை. அது தரும் விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கிரே எண்ணை அளவீட்டிடம் கேளுங்கள்.

மென்பொருள் தவறான தரவை முகஞ்சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு வலுவான சான்று ஆய்வுகூடத்திலிருந்து வருவதல்ல. பனாமா நாட்டின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் 2000 ஆகஸ்டுக்கும் 2001 மார்ச்சுக்கும் இடையில் 28 நோயாளிகள் மிகையான கதிருக்கு ஆளானார்கள். காப்புக் கட்டைகளைத் திட்டமிடல் மென்பொருளில் பதியும் முறையை ஊழியர்கள் மாற்றிக்கொண்டார்கள். அந்த மென்பொருள் ஒரே நேரத்தில் நான்கு கட்டைகளைத்தான் ஏற்கும். ஐந்தாவதைச் சேர்ப்பதற்காகப் பலவற்றை ஒரே கட்டைபோலப் பதிந்தார்கள். மென்பொருள் அதை மறுக்கவில்லை. காட்டிய படமும் சரியானதுபோலவே இருந்தது. கணக்கிட்ட சிகிச்சை நேரம் மட்டும் இரு மடங்கு அளவுக்கு நீண்டிருந்தது. காகிதத்தில் ஒரு கைக்கணக்கோ, நீர்த்தொட்டியில் ஓர் அளவீடோ செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். விதை இறந்தால் யாரும் விசாரணைக் குழு அமைக்கப் போவதில்லை. ஆனால் பிழை நுழைந்த வழி அதேதான். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், அதன் விடையைக் கைக்கணிப்பானில் இரண்டு வரியில் சரிபாருங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் காரணம் தெரியும்வரை பொதியைக் கட்ட வேண்டாம்.

இனி அந்தச் சாட்சிக்கு வருவோம். 40 முதல் 400 கிரே வரையான வேலைக்கு மலிவானதும் நம்பகமானதும் ஃபிரிக்கே கரைசல். பெரசு அமோனியம் சல்பேற்றை ஐதான சல்பூரிக்கமிலத்தில் கரைத்தது. கதிர் பட்டால் பெரசு அயன் பெரிக்காக மாறும், 304 நனோமீற்றர் அலைநீளத்தில் கழியூதா ஒளியை உறிஞ்சும். ஒரு சென்ரிமீற்றர் கலத்தில், 25 பாகையில், உறிஞ்சல் கூடிய அளவை 278ஆல் பெருக்கினால் கிரே கிடைக்கும். 200 கிரேக்கு உறிஞ்சல் 0.72 உயரும். பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு இது எளிது. யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யும்போது மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். 25 பாகை என்பது குளிரூட்டிய அறையின் எண். மின்வெட்டு நேரத்தில், அல்லது குளிரூட்டி இல்லாத அறையில், சித்திரை மாதத்தில் கரைசல் 32 பாகையில் இருக்கும். அளக்கும்போதைய வெப்பநிலை ஒவ்வொரு பாகை கூடும்போதும் வாசிப்பு 0.7 சதவீதம் கூடும். கதிர் விழுந்தபோதைய வெப்பநிலைக்கு 0.15 சதவீதம். கதிரூட்டும் அறையும் அதே சூட்டில் இருந்தால் ஏழு பாகைக்கு இரண்டும் சேர்ந்து ஆறு சதவீதம். திருத்தாமல் விட்டால் 200 கிரே பட்டது 212 என்று தோன்றும். அந்த எண்ணிலிருந்து அடுத்த முறைக்கான நேரத்தைக் கணக்கிட்டால் விதைக்கு 189 மட்டுமே கிடைக்கும். எக்செல் தாளில் வெப்பநிலைக்கென்று இரண்டு கலம் ஒதுக்குங்கள். அவை வெறுமையாக இருந்தால் விடை தோன்றாதபடி அமைத்துவிடுங்கள். பயணத்தில் கரைசல் தானாகவும் சிறிது ஒட்சியேறும். ஆகவே கதிர் படாத இரண்டு குப்பி அதே பொதியில் போய்த் திரும்ப வேண்டும்.

‘விதைக்கு ஆறு சதவீதம் ஒரு பொருட்டா? முளைப்பிலேயே அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் உண்டே’ என்பார்கள். இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. விதைக்கு விதை உள்ள வேறுபாடு பெரியதுதான். ஆனால் அது இரு பக்கமும் சிதறும், மாதிரி எண்ணிக்கையைக் கூட்டினால் சராசரியில் கரையும். கதிரளவுப் பிழை ஒரே பக்கம் தள்ளும். ஆர் மொழியிலுள்ள டி.ஆர்.சி. பொதியில் முளைப்புத் தரவைப் போட்டு, வளர்ச்சி பாதியாகும் அளவைக் கணிக்கும்போது, எல்லாக் கதிரளவும் ஆறு சதவீதம் நகர்ந்திருந்தால் வளைகோடு அழகாகவே பொருந்தும். நம்பிக்கை இடைவெளியும் குறுகலாகவே வரும். கணித்த எண் மட்டும் ஆறு சதவீதம் தள்ளி நிற்கும். கதிரளவு ஐயமற்றது என்று கொண்டுதான் அந்த மென்பொருள் கணக்கிடுகிறது. அதைவிட மோசமானது ஒரே பொதிக்குள் உள்ள சீரின்மை. அறையின் உச்சக் கதிரளவுக்கும் குறைந்த கதிரளவுக்கும் விகிதம் 1.3 என்றால், நடுவில் இருந்த விதையும் ஓரத்தில் இருந்த விதையும் ஒரே ‘200 கிரே’ என்ற பெயரில் வேறு வேறு சிகிச்சை பெற்றவை. விதையைத் தட்டையான சிறு உறையில் நடு உயரத்தில் வைத்து, மீதி இடத்தை இலேசான நுரைத் துண்டால் நிரப்பச் சொல்லிவிட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விதையின் ஈரப்பதனை எந்தத் திட்டமிடல் மென்பொருளும் கேட்பதில்லை. ஆனால் ஈரத்தின் அளவைப் பொறுத்தே அதே கிரே அதிகமாகவோ குறைவாகவோ கடிக்கும். கடற்காற்று ஊரிலிருந்து புறப்படும் விதையை 60 சதவீதக் கிளிசரோல் கரைசல் உள்ள உலர்த்திக் கலத்தில் ஒரு வாரம் வைத்தால் ஈரம் 12 முதல் 14 சதவீதத்தில் நிலைக்கும். பின் காற்றுப் புகாத உறை. இதைத் தாளில் ஒரு நிரலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குமிழுக்கு வரும்போது நிலைமை வேறு. மேலே சொன்ன அறையில் வீதம் செக்கனுக்கு 0.26 கிரே. ஐந்து கிரேக்கு 19 செக்கன். இழுப்பறை இறங்கும்போதும் ஏறும்போதும் மாதிரி கதிர் வாங்கிக்கொண்டே இருக்கும். அது ஒரு கிரே என்று வைத்தால் 200 கிரேயில் அரைச் சதவீதம், பொருட்படுத்த வேண்டாம். ஐந்து கிரேயில் 20 சதவீதம். எக்செல் தாள் நேரத்தைக் கணக்கிடுமுன் இதைக் கழித்து 15 செக்கன் என்று சொல்ல வேண்டும். இந்த இடைவழிக் கதிரளவைச் சான்றிதழ் பெரும்பாலும் சொல்லாது. அளப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு ஃபிரிக்கே குப்பியை 200 செக்கன் ஒரே தடவையாக வையுங்கள். இன்னொன்றை 20 செக்கன் வீதம் பத்துத் தடவை இறக்கி ஏற்றுங்கள். அறைக்குள் இருந்த நேரம் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு ஒன்பது இடைவழிக் கதிரளவு. ஒன்பது கிரேக்கு உறிஞ்சல் வேறுபாடு 0.03 அளவில் இருக்கும், கவனமாக அளந்தால் பிடிபடும். ஐந்து கிரேயை நேரடியாகவே ஃபிரிக்கேயில் அளக்க முயல வேண்டாம். 0.018 உறிஞ்சல் பெரும்பாலும் கலத்தின் அழுக்கில் மறைந்துவிடும். அயனாக்க அறையோ வெப்ப ஒளிர்வுக் கதிரளவுமானியோ அதற்கு வேண்டும். குமிழ் வேலை முக்கியமென்றால் மூலத்துக்கும் மாதிரிக்கும் இடையே ஈய உறை இட்டு வீதத்தைக் குறைக்க முடியுமா என்று நிலையத்தாரிடம் கேளுங்கள். நேரம் நிமிடக் கணக்குக்கு நீண்டால் இடைவழிப் பிழை தானே சுருங்கிவிடும்.

‘நிலையம் தரும் சான்றிதழ் இருக்கையில் இவ்வளவும் எதற்கு’ என்பது மீதமுள்ள ஆட்சேபம். இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தனித்தனியாக அமைத்திருக்கிறது. அனுமதியும் பாதுகாப்பும் பேரவையின் பொறுப்பு. சான்றிதழ் சொல்வது அறையின் நடுவே, குறித்த நாளில், நிலையத்தார் வைத்த அளவுமானிக்குக் கிடைத்ததை. உங்கள் குமிழுக்கு எவ்வளவு கிடைத்தது என்று அது சொல்வதில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. எனவே நிலையத்துக்கு எழுதும் கடிதத்தில் நேரத்தை மட்டும் கேட்காமல், மாதிரியின் எடை, உறையின் அளவு, வைக்கவேண்டிய உயரம், வேண்டிய கிரே, ஏற்கத்தக்க வீச்சு ஆகியவற்றை எழுதுங்கள். திரும்பி வரும்போது கதிரூட்டிய திகதி, தொடங்கிய நேரம், அறை வெப்பநிலை, அன்றைய வீதம், அந்த வீதம் எந்த நாளைய அளவீட்டிலிருந்து கணித்தது என்பவற்றைக் கேட்டுப் பெறுங்கள். ஆய்வுக் கட்டுரையின் முறையியல் பகுதியில் ‘200 கிரே காமா’ என்று முடிக்காமல் இந்த வரிகளையும், குப்பி காட்டிய எண்ணையும், கணித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எக்செல் தாளை ஒவ்வொரு பொதிக்கும் புதிய பெயரில் சேமித்து, சூத்திரக் கலங்களைப் பூட்டி, திறவுச்சொல்லை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.